பேர் கொடுக்கிற கவுண்டர்

அலுவலகத்தில் அவருக்கு ஒத்தக்கால் என்று பட்டம். அவசரப்பட்டு யாரும் இரக்கப்பட வேண்டாம். இரண்டு காலும் திடமாகத்தான் இருக்கின்றன, தினமும் அஞ்சு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறார். போனது பேரில் இருந்த கால். அவர் பிறந்தபோது பேரைப் பதிவேட்டில் ஏற்றிய எழுத்தர், இரண்டு இடத்தில் போட வேண்டிய துணைக்காலை ஓர் இடத்தில் மட்டும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த ஒரு கோடு போனதில் பேரின் அர்த்தமே போய்விட்டது. மிச்சமிருந்ததை அகராதியில் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வருகைப் பதிவேட்டை வாசித்த தமிழ் வாத்தியார், அவர் பேர் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "ஏம்ப்பா, உன் பேர்ல ஒரு கால் காணோமே?" என்றார். அன்று ஒட்டிக்கொண்ட பட்டம், படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் உதிரவில்லை.

சுபாவமும் அதற்கேற்ற மாதிரியே அமைந்துவிட்டது. ஒரு விஷயத்தில் ஒற்றைக்காலில் நின்றார் என்றால் நின்றதுதான்.

இப்படிப்பட்ட ஆள் பிறப்புப் பதிவு அலுவலகத்திலேயே எழுத்தராக வந்து உட்கார்ந்ததை என்னவென்று சொல்வது? பழிக்குப் பழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பதினாறு வருஷமாக மூன்றாம் நம்பர் கவுண்டர். கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக ஊரில் பிறக்கிற குழந்தைகளின் பேரெல்லாம் அவர் மேசைக்கு வந்து சேரும். புள்ளி, கொம்பு, சுழி, கால் என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணுவார். பெற்றவர்களை உரக்க வாசிக்கச் சொல்வார். பிறகு தானும் ஒருதரம் வாசிப்பார். வரிசை வாசலைத் தாண்டிச் சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும் போகும். யார் முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

குழந்தை பிறந்து ஒரு வருஷத்துக்குள் பேரைப் பதிய வேண்டும் என்பது விதி. தவறினால் கோர்ட்டு, பிரமாணப் பத்திரம், அலைச்சல். கடைசி வாரத்தில் வந்து நிற்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "ஒரு வருஷமா என்ன பண்ணீங்க? பூனைக்குட்டி வாங்கினாக்கூட அன்னைக்கே பேர் வெச்சிடறோம்" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.

அந்த மகானுபாவரின் சொந்த மகளுக்குப் பதினோரு மாதம் ஆகியும் பேர்ப் பத்தி காலியாக இருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டார்கள். மனைவிக்குக் குட்டி, மாமனாருக்கு முதலாளி, பக்கத்து வீட்டம்மாவுக்கு "நம்ம இது". தடுப்பூசி அட்டையில் 'பெயரில்லாத பெண்' என்று இருந்தது. குழந்தை எதற்கும் திரும்பிப் பார்க்காது. எல்லாருக்கும் ஒரே மரியாதை.

தாமதத்துக்குக் காரணம் அவருடைய பிடிவாதம் மட்டுமல்ல, ஒரு புயலும்தான். அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் வாசித்துவிடுவார். ஒரு முடிவெடுத்தால் லேசில் மாற்ற மாட்டார். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே 'மெலினா' என்று பேர் தீர்மானித்து வைத்திருந்தார். கணவர் அதை ஒரு வாரம் சோதித்தார். எந்த எழுத்தில் எது விட்டுப்போனால் என்ன கெட்ட வார்த்தை வரும் என்று எழுதி எழுதிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சரி என்றார்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது கடலில் ஒரு புயல் கிளம்பியது. அதற்குப் பேர் மெலினா.

நாலு நாளைக்கு வானொலியில் வேறு பேச்சே இல்லை. மெலினா நெருங்குகிறது, மெலினா உக்கிரமடைகிறது, மெலினாவுக்குப் பயந்து பள்ளிகளுக்கு விடுமுறை. ஐந்தாம் நாள் பத்திரிகையில் 'மெலினாவின் வெறியாட்டம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. கீழே, கூரை பறந்துபோன ஒரு சினிமா கொட்டகையின் படம். கணவரும் மனைவியும் அந்தப் படத்தையும், பாயில் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேறு பேர் தேடலாம் என்று முடிவானது.

அன்றிலிருந்து மனுஷனுக்கு ஒரே கவலை: அடுத்த புயலுக்கு என்ன பேர்? மனைவி எதைச் சொன்னாலும், "இது புயல் பேர் மாதிரி இருக்கு" என்றார்.

"புயல் பேர் எப்படிங்க இருக்கும்?"

"இப்படித்தான் இருக்கும்."

மாமனாரும் ஊகிக்க ஆரம்பித்தார். அவர் லாரிகளை எடை போடும் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாரத்தையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார். எங்கே போனாலும் வழி கேட்கிற வழக்கம் கிடையாது. "மாப்பிள்ளை, போனது 'ம'வுல வந்துச்சா? அடுத்தது 'ய'வுலதான் வரும், பாத்துக்கிட்டே இருங்க" என்றார். 'ய'வில் தொடங்கும் பேர்களை எல்லாம் அடித்தார்கள். அடுத்த வாரம் மாமனார், "முன்னாடி பொண்ணு பேர், அதனால அடுத்தது பையன் பேர்தான்" என்றார். அடித்தவற்றை மறுபடி எழுதினார்கள். மாதங்கள் இப்படியே ஓடின.

அலுவலகக் கட்டடத்தின் மாடியில் வானிலைத் துறையின் கிளை இருக்கிறது. அங்கே ஒரு முன்னறிவிப்பாளர். ஓரளவு மேகமூட்டம், ஓரளவு மழை என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும், "ஓரளவு" என்பார். பேரே ஓரளவு ஆகிவிட்டது. ஒருநாள் கேன்டீனில் ஒத்தக்கால் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல ரகசியமே கிடையாதே" என்றார் ஓரளவு. "கடலைச் சுத்தி இருக்கற நாடெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பேர் குடுத்திருக்கு. வரிசையா அடுக்கி வெச்சிருக்கோம். புயல் வந்தா அடுத்த பேரை எடுத்துக் குடுக்கறோம். மெலினாகூட நம்ம நாடு குடுத்த பேர்தான்."

"அப்ப அடுத்தது என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அடுத்தது என்னன்னு எங்க வாட்ச்மேனுக்கே தெரியும். அடுத்தது எப்பன்னுதான் எங்க டைரக்டருக்கே தெரியாது."

எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டது மாடியில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பேருக்கு என்னென்ன நிபந்தனை என்று கேட்டுக்கொண்டார். எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, வாயில் நுழைய வேண்டும், யார் மனதையும் புண்படுத்தக் கூடாது. வெறும் காற்றழுத்தத் தாழ்வுக்கெல்லாம் பேர் கிடையாது; குறிப்பிட்ட வேகம் வந்தால்தான். "உங்க பொண்ணு தவழ ஆரம்பிச்சுட்டா இல்ல?" என்றார் ஓரளவு. "வேகம் வந்தாச்சு. இன்னும் என்ன யோசனை?"

ஒத்தக்கால் அந்த எட்டு எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். எட்டுக்கு மேல் எழுத்திருந்தால் எந்தப் புயலாலும் தொட முடியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஒரு பேர் கட்டிவிட்டார்: செந்தாமரைப்பொன்மணிநாயகி. எழுத்து பதின்மூன்று.

மனைவி தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "இதைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அவ மாடிப்படியில விழுந்து எழுந்தே வந்துடுவாங்க."

கடைசியில் மனைவியே 'தளிரா' என்றார். ஒத்தக்கால் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போய், சுவரில் தொங்கிய பட்டியலில் மேலிருந்து கீழ் வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தார். அந்தப் பேர் இல்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாக இறங்கி வரும்போது சீட்டியடித்தார்.

தன் பிள்ளையின் பேரைத் தானே பதிய விதியில் இடமில்லை. குடும்பத்தில் வேறு யாராவது விண்ணப்பம் கொடுக்க வேண்டும், பதிவாளர் மேடம் கையெழுத்துப் போட வேண்டும். மாமனார் கிளம்பினார். போகும்போது மாப்பிள்ளை படித்துப் படித்துச் சொன்னார். "ஆபீஸ்ல போய்ப் பேர் குடுக்கணும்னு சொல்லுங்க மாமா. என் கவுண்டருக்கு வராதீங்க, சிபாரிசு மாதிரி இருக்கும்."

சாயங்காலம் மாமனார் வந்து, "பேர் குடுத்தாச்சு மாப்பிள்ளை" என்றார். விஷயம் முடிந்தது.

மூன்று வாரம் போனது. மேடத்தின் அறையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. போய்க் கேட்டால் அதுவும் சிபாரிசு ஆகிவிடுமே என்று ஒத்தக்கால் வாயைத் திறக்கவில்லை. நேர்மை என்பது சில சமயம் இப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும். வெள்ளிக்கிழமையோடு குழந்தைக்கு வருஷம் முடிகிறது. புதன்கிழமை கேன்டீனில் ஓரளவு முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தார்.

"ரொம்பச் சேதம் பண்ணின புயலோட பேரை மறுபடி வைக்க மாட்டோம். மெலினாவை எடுத்தாச்சு. பதிலுக்குப் புதுப் பேர் வேணும்னு ஜனங்ககிட்ட கேட்டிருந்தோம் இல்ல? தேர்வாகிடுச்சு. என்ன பேர்னு ஊகிங்க பாப்போம்."

ஆளாளுக்கு ஊகித்தார்கள். டீ மாஸ்டர் தன் மைத்துனர் பேரைச் சொன்னார். ஒத்தக்காலும் உற்சாகமாக மூன்று பேர் சொன்னார். அவருக்கென்ன, மகள் பேர்தான் பத்திரமாக இருக்கிறதே.

"ஒண்ணும் இல்ல" என்றார் ஓரளவு. "தளிரா."

டீ முழுக்க மேசை மேல் கொட்டியது.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை.

"மாமா, பேர் எங்க குடுத்தீங்க?"

"உங்க ஆபீஸ்லதான்."

"எந்த ரூம்ல?"

"மாடில. பேர் குடுக்கறவங்க இங்க வரவும்னு அம்புக்குறி போட்டிருந்துச்சே. தங்கமான மனுஷங்க, மாப்பிள்ளை. உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாங்க. உங்க கீழ்த்தளத்துல ஒருத்தராவது உட்காரச் சொல்வாங்களா?"

"சுவத்துல பெரிசா ஒரு புயல் படம் இருந்திருக்குமே?"

மாமனார் யோசித்தார். "வெள்ளையா, சுத்திச் சுத்தி, நடுவுல ஒரு பொட்டோட? ஸ்கேன் படம்னு நெனைச்சேன். பிறப்புப் பதியற இடம்தானே, அதனால மாட்டியிருக்காங்கன்னு..."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்து, என்ன ஏதென்று தெரியாமல் அதுவும் சிரித்தது. ஒத்தக்காலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பட்டியலைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். வருஷத்துக்கு இத்தனை புயல் என்றால் தளிராவின் முறை வர எட்டு வருஷம் ஆகும். மகள் அப்போது நாலாம் வகுப்பில் இருப்பாள். வகுப்பில் 'தளிரா வரவில்லை' என்று டீச்சர் குறிக்கும்போது வானொலியில் 'தளிரா வந்துகொண்டிருக்கிறது' என்பார்கள்.

"பேசாம நீளப் பேரையே வெச்சிடலாம்" என்றார்.

"முடியாது" என்றார் மனைவி. சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்குப் பிடிச்ச ஒரு பேரைக் காத்துக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ணைக் குடுக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல ஒரு பட்டம் வெச்சா அது சாகற வரைக்கும் போகாது. நாளைக்கு இவளே ஒரு கவுண்டர்ல வந்து நின்னு, என் பேரை மாத்திக் குடுங்கன்னு கேட்டா? அப்படிக் கேக்கறவங்களை நான் பதினாறு வருஷமா பாக்கறேன். குனிஞ்ச தலை நிமிராம கேப்பாங்க."

மனைவி குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "வெள்ளிக்கிழமை சாயந்திரம் குழந்தையத் தூக்கிட்டு நானே மேடம் ரூமுக்கு வர்றேன். எழுதினா தளிரா. இல்லாட்டி எதையும் எழுத வேண்டாம், கோர்ட்டுக்கே போவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒத்தக்காலின் சட்டைப்பையில் இரண்டு காகிதம் இருந்தன. ஒன்று, தளிரா என்ற பேரைப் புயல் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் ஆட்சேபனை மனு. ஆட்சேபனைக்கு அன்று சாயங்காலம் வரைதான் கெடு. அது நடக்காவிட்டால் என்று, இன்னொரு காகிதத்தில் அந்தப் பதின்மூன்று எழுத்து. மூன்றரை மணிக்கு மாடி ஏறினார்.

ஓரளவு மனுவை வாசித்தார். "யார் மனசாவது புண்படணும். யாருடைய மனசு?"

"என் பொண்ணோடது."

"அவ பேர் என்ன?"

"தளிரா."

"பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"அதுல இன்னும் பேர் ஏறலை."

"அப்ப பேரே இல்லாத ஒருத்தரோட பேரை நாங்க எடுத்துட்டோம்னு எழுதியிருக்கீங்க" என்றார் ஓரளவு. கிண்டல் ஒன்றும் இல்லை, அவருக்கே சங்கடமாக இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தார். "ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் வந்துச்சு. கமிட்டி ஏன் இதைத் தேர்ந்தெடுத்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? 'தன்மை'ன்னு ஒரு பத்தி இருக்கு. வழக்கமா அதுல ஒண்ணும் எழுத மாட்டாங்க. உங்க மாமனார் சொல்லச் சொல்ல எங்க ஆள் அப்படியே எழுதியிருக்கார். படிங்க."

படித்தார்.

'வர்றதுக்கு முன்னாடியே சத்தம் குடுத்துடுவா. சொல்லாம வந்துட்டான்னு யாரும் குறை சொல்ல முடியாது. அழுதா அக்கம்பக்கத்துல ஜன்னல் சாத்துவாங்க, ஆனா கால் மணி நேரத்துக்கு மேல நீடிக்காது. ஒரு இடத்துல நிக்க மாட்டா. எந்தப் பக்கம் திரும்புவான்னு பெத்தவங்களுக்கே தெரியாது. பாத்திரம் பண்டம் உருளும். இதுவரைக்கும் யாருக்கும் காயம் இல்ல. போன பிறகு வீடு கொஞ்சம் கலைஞ்சு கிடக்கும். ஆனா இவ வராம இருந்திருக்கலாம்னு ஒருத்தரும் ஒருநாளும் நெனைச்சதில்ல.'

அதற்குக் கீழே 'தோன்றிய இடம்' என்ற பத்தியில், அரசு ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. 'எப்போது தேவை' என்பதில், அடுத்த மாசம் வெள்ளிக்கிழமைக்குள்ள.

"புயல்னு ஒண்ணு வந்தே தீரணும்னா இப்படி ஒண்ணு வரட்டும்னு எல்லாரும் கை தூக்கிட்டாங்க" என்றார் ஓரளவு. "எங்க டைரக்டர்கூட. அவர் எதுக்கும் முழுசா கை தூக்கினதே கிடையாது."

ஒத்தக்கால் மறுபடி படித்தார். முதல் தடவை, வழக்கம்போல, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே படித்திருந்தார். இந்தத் தடவை பார்க்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி என்று சொல்ல நினைத்து, அதையும் சொல்லாமல் விட்டுவிட்டார். மாமனார் லாரி மட்டுமல்ல, ஆளையும் எடை போடத் தெரிந்தவர்தான் என்று அவருக்கு அன்றுதான் புரிந்தது. ஆட்சேபனை மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

கீழே மேடத்தின் அறையில் மனைவி குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாராகக் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். அவர் ஒரு புது விண்ணப்பம் எடுத்து, பேர்ப் பத்தியைத் தன் கையாலேயே நிரப்பி, கையெழுத்துக்காக மனைவியிடம் நீட்டினார். மனைவி வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பேனாவை வாங்கும்போது அவர் விரலைக் கொஞ்சம் அழுத்தினார்.

மேடம் விண்ணப்பத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மணி அப்போது நாலே முக்கால்.

"தளிராவா? இது புயல் லிஸ்ட்ல வந்திருக்கே. இன்னைக்குப் பேப்பர்ல பார்த்தேன். பின்னாடி சங்கடப்படப் போறீங்க. நாளைக்குப் பொண்ணுக்குப் புயல் பேரை வெச்சிட்டாங்கன்னு ஊரே சொல்லும், யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு மேடம்" என்றார் ஒத்தக்கால். "நாங்க பொண்ணுக்குப் புயல் பேரை வைக்கல. அவங்கதான் புயலுக்கு எங்க பொண்ணு பேரை வெச்சிருக்காங்க. பேரைக் காப்பாத்த வேண்டியது அந்தப் புயலோட பொறுப்பு."